மூன்றாம் மாடியில் கொலராடோ

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், ராணுவக் கூடாரங்களுக்கு முளைக்குச்சி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தேசத்தின் பாதுகாப்பே முளைக்குச்சியில்தான் நிற்கிறது என்று அங்கே அதிகாரிகள் மேடைக்கு மேடை சொல்வார்கள். எதிரி நாட்டான் எவனாவது வந்து குச்சியின் நீளத்தை அளந்துகொண்டு போய்விடக் கூடாதே என்று சுற்றிலும் மதிலெழுப்பி, முள்வேலி போட்டு, துப்பாக்கியோடு காவலும் வைத்திருந்தார்கள். அங்கே கடைசல் வேலை பார்த்த இக்னேஷியஸ், எண்பத்தேழாம் வருஷம் மழை ஓய்ந்த கையோடு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் குழுவிடம் ஒரு கீழ் வீடு கேட்டார்.

ஆசைக்குக் கேட்கவில்லை. அவர் குடியிருந்தது மூன்றாம் மாடி. குழாயில் தண்ணீர் முதல் மாடி வரைக்கும் வரும், அதற்கு மேல் வெறும் காற்றுதான் வரும். அவர் மனைவி ஞானசௌந்தரி கீழேயிருந்து குடம் தூக்கி வரும்போது படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கம்பி வைத்து ஒட்டினார்கள். சமதரையில் கம்பூன்றி நடப்பாள். படி என்றால் ஒன்றுகூட ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் போவதானால் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அந்த நாலு பேரும் எல்லா நாளும் கிடைப்பார்களா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை போயிற்று. மாதா கோயில் சாமியாரே மேலே ஏறி வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போனார். ஊர்க்கதை பேச வீடு வீடாக ஏறி இறங்கியவள், கயிற்றில் கூடை கட்டி இறக்கிக் கீரைக்காரியோடு ஜன்னலிலேயே குடும்பம் நடத்தினாள்.

"நான் செத்தாதான் எறக்குவீங்களா என்னிய?" என்று ஒருநாள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கிற குரலில் கேட்கவில்லை. அன்றைக்கே இக்னேஷியஸ் மனு எழுதினார்.

மனுவை எடுத்துக்கொண்டு போனார். குழுவின் குமாஸ்தா கஜபதி அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டான்.

"இன்னா அண்ணாத்தே, எலும்பு, கம்பி, நோவுன்னு எழுதிகினு வந்துகீற? அதெல்லாம் இப்ப செல்லாது. சனிக்கெழம சாயங்காலம் நம்ம பெரியவரு படம் காட்றாரு. வந்து குந்து. அதுக்குத்தான் மார்க்கு கீது."

பெரியவர் என்றால் குழுத் தலைவர், நிர்வாக அதிகாரி பக்தவத்சலம். அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் கொலராடோ என்ற மலை மாநிலத்துக்குப் போயிருந்தாள். அவரும் அவர் மனைவி வனஜாவும் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வந்தார்கள். போனபோது சாதாரண மனுஷர்தான். திரும்பி மீனம்பாக்கத்தில் இறங்கியதிலிருந்து ஆவடி மண் அவர் காலில் ஒட்டவில்லை. கையோடு ஒரு ஸ்லைடு புரொஜெக்டரும் பெட்டி நிறையப் படங்களும் கொண்டுவந்தார். ஒதுக்கீட்டுக் குழுவின் கீழ் 'வாழ்க்கைத் தரம் மற்றும் வாய்ப்பு விழிப்புணர்வு வகுப்பு' என்று ஒன்றைத் தொடங்கி, வீடு கேட்கிறவர்கள், வீடு மாற்றக் கேட்கிறவர்கள், ஒழுகுகிற கூரைக்குத் தார் பூசக் கேட்கிறவர்கள் எல்லாரும் அதில் தேறினால்தான் மனு பரிசீலிக்கப்படும் என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை இக்னேஷியஸ் அலுவலக மாடிக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மலை வந்தது, மலைக்கு முன்னால் வனஜா அம்மாள் சால்வையோடு நின்றார். அடுத்து வேறொரு மலை, அதே சால்வை. ஏரி, சால்வை. பனிமேடு, சால்வைக்கு மேல் இன்னொரு சால்வை. எந்த மலையும் முழுசாகத் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் நாக்கைத் தட்டி வியந்துகொண்டிருந்ததால் இவரும் வியந்தார்.

படம் மாறுகிற இடைவெளியில் பக்தவத்சலம் பேசினார். "கொலராடோவில் வாழ்க்கைத் தரம் உயர்ந்திருக்கிறதே, ஏன்? ஊரே உயரத்தில் இருக்கிறது. டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சரியாக ஒரு மைல். சட்டசபைப் படிக்கட்டில் அதைப் பொறித்தே வைத்திருக்கிறார்கள். நம் ஆவடி எங்கே இருக்கிறது? கடலோடு கடலாகக் கிடக்கிறது. வாய்ப்பு எப்படி வரும்? மேலே இருக்கிறவன் கண்ணுக்குத்தான் வாய்ப்பு தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் காலனியில் சில பேர் கீழே வீடு வேண்டும் என்று மனுப் போடுகிறார்கள். வளர்ச்சிக்கு எதிரான மனப்பான்மை."

எல்லாரும் திரும்பி இக்னேஷியஸைப் பார்த்தார்கள். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்கு இரண்டு மார்க் போட்டார்கள் என்று கஜபதி பிற்பாடு சொன்னான்.

வகுப்பு வளர்ந்தது. கொலராடோவில் முன்பின் தெரியாதவரைப் பார்த்தாலும் சிரிப்பார்களாம். ஆகவே காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கேட்டில் நிற்கிற துப்பாக்கிக்காரனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அவன் வடநாட்டான். முதல் நாள் முறைத்தான், இரண்டாம் நாள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான், மூன்றாம் நாள் மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதிவிட்டான். கொலராடோவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டில் இருப்பதில்லையாம், குடும்பத்தோடு மலையேறப் போய்விடுவார்களாம். ஆவடியில் மலைக்கு எங்கே போக? தொழிற்சாலைக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கொட்டிக் குவிந்த மரத்தூள் மேடு இருந்தது. அதற்குப் பூசை போட்டு, ராக்கி மலை என்று பலகை நட்டு, மே மாத வெயிலில் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு எல்லாரும் ஏறினார்கள். இக்னேஷியஸ் பாதியில் இடுப்பு வரை புதைந்துபோனார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். மூக்கிலும் காதிலும் மரத்தூளோடு அவர் இருமிக்கொண்டிருக்கும்போது, பனிச்சரிவில் சிக்கி மீண்ட அனுபவத்துக்காக அவருக்குத் தனி மார்க் அறிவித்தார் பக்தவத்சலம். தலைவர் மேடு ஏறவில்லை. கீழே நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்களுக்கு ஊக்கம் கொடுத்தார்.

இத்தனைக்கும் இக்னேஷியஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மார்க் சேர்ந்துகொண்டே வந்தது. போதுமான மார்க் சேர்ந்ததும் குழு நேரில் ஆய்வு செய்ய வந்தது.

மூன்று மாடி ஏறி வந்து சேர்ந்தபோது பக்தவத்சலத்துக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, இந்த மூச்சுத் திணறல்தான் ஆரோக்கியத்தின் ஆரம்பம் என்றார். ஞானசௌந்தரி கம்பை ஊன்றி எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனார்.

"அடடா, நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரைக்கும் தெரிகிறதே. கொலராடோவில் இப்படி ஒரு ஜன்னலுக்குத் தனி வாடகை அம்மா. கோடீஸ்வரன்தான் குடியிருப்பான்."

"எனக்குக் கீழ எறங்கணும் சார்," என்றாள் அவள். "கோயிலுக்குப் போவணும். நாலு மனுசங்களப் பாக்கணும். ஜன்னலு இன்னாத்துக்கு சார் எனக்கு?"

"இறங்க வேண்டும் என்று நினைப்பதுதான் நம் தேசத்தின் வியாதி," என்றார் அவர், வருத்தத்தோடு. "என்னைப் பாருங்கள். நான் ஏன் பங்களாவில் தரையோடு தரையாகக் கிடக்கிறேன்? உயரமெல்லாம் தொழிலாளிக்கே கிடைக்கட்டும் என்று. தியாகம் அம்மா. இப்படி ஒரு மூன்றாம் மாடி எனக்கு ஒரு நாள் கிடைத்தால் அது என் பாக்கியம்."

காப்பி குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள். காப்பிக்குத் தண்ணீர் எங்கேயிருந்து யார் தூக்கி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஆடி மாதம் அதே பிளாக்கில் தரைத்தளத்தில் இருந்த துலுக்கானம் ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்தார். வீடு இக்னேஷியஸுக்குத்தான் என்று காலனியே பேசிக்கொண்டது. வகுப்பில் அவரைவிட அதிக மார்க் யாருக்கும் இல்லை. ஞானசௌந்தரி மேலே படுத்தபடியே கீழ் வீட்டில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, மாதா படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். கீரைக்காரியிடம், அடுத்த மாசம் கூடை வேலையில்லை, நேரே வாசலுக்கு வந்துவிடு என்றும் சொல்லிவிட்டாள்.

உத்தரவு வந்தது. வீடு ஸ்லைடு புரொஜெக்டருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இக்னேஷியஸ் உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம் அலுவலகத்துக்குப் போனார். பக்தவத்சலம் பொறுமையாகத்தான் விளக்கினார். "அது நுட்பமான பொருள் இக்னேஷியஸ். உள்ளே லென்ஸ் இருக்கிறது. வாரா வாரம் படியேற்றி இறக்கினால் குலுங்கும், விரிசல் விடும். அப்புறம் ஸ்பேர் கிடைக்காது. மனுஷ உடம்பு அப்படியா? தானாகச் சேர்ந்துகொள்ளும்."

அன்றைக்கு இக்னேஷியஸ் சத்தம் போட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். சத்தம் போட்டவன் என்று ஒரு மெமோ, ஒரு மன்னிப்புக் கடிதம், போய்க்கொண்டே இருக்கலாம். அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் அழவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் அந்த ஜன்னலைத் திறக்கவில்லை. கூடையும் இறங்கவில்லை. இந்த ஆளை விடுவதில்லை என்று இக்னேஷியஸ் அன்றைக்குத் தீர்மானித்தார். இதை மறைப்பானேன், பழிவாங்க வேண்டும் என்றுதான் தீர்மானித்தார்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவரைப் போல ஒரு மாணவன் இல்லை. மலைகளின் பெயரை வரிசையாகச் சொல்வார். தலைவர் விட்ட இடத்தில் எடுத்துக்கொடுப்பார். கீழே இருந்துகொண்டு உயரத்தைப் பற்றிப் பேசும் நம் தலைவரின் தியாகம் என்று எங்கே போனாலும் ஆரம்பிப்பார். டீக்கடையில் சொன்னார், சங்கத்தில் சொன்னார், ஒன்பது மணி ரயிலில் சொன்னார். கேட்கக் கேட்கப் பக்தவத்சலத்துக்கு உச்சி குளிர்ந்தது. தன் தியாகத்தைப் பற்றித் தானே இன்னும் உருக்கமாகப் பேசத் தொடங்கினார்.

துலுக்கானம் வீட்டில் புரொஜெக்டர் குடியேறிய முதலாண்டு விழா வந்தது. பிளாக்குக்கு எதிரே பந்தல். ஜி.எம். தலைமை. முன்னிலைக்கு யார் பெயரைப் போடுவது என்று கஜபதி விழித்தபோது, வொர்க்ஸ் மேனேஜர் பார்த்தசாரதி பெயரைப் போடச் சொன்னவர் இக்னேஷியஸ். பார்த்தசாரதி ஆவடிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து பங்களா கிடைக்காமல் விருந்தினர் விடுதியின் ஒற்றை அறையில் மனைவி, மாமியார், மாமியாரின் தையல் மெஷின் சகிதம் காலம் தள்ளுகிறவர். பக்தவத்சலத்தின் பங்களாவை அவர் கடந்து போகும்போது நடை தானாக மெதுவாகும். காலனியில் இதை அறியாதவர் கிடையாது.

பக்தவத்சலம் வழக்கம்போலப் பேசினார். உயரம் பேசினார், வாய்ப்பு பேசினார். இத்தனை வருஷமும் தரையிலேயே கிடந்து தொழிலாளர்களை மேலே வைத்து அழகு பார்த்ததைச் சொல்லிவிட்டு, ஜி.எம். கேட்டாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். அடுத்து, சிறந்த மாணவர் என்ற முறையில் இக்னேஷியஸை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள்.

"ஐயாவுங்களுக்கு வணக்கம்," என்று தொடங்கினார் இக்னேஷியஸ். "நான் படிக்காதவன். உயரம்னா இன்னான்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவரு நம்ம தலைவரு. என் ஊட்டுக்கே வந்து, மூணாவது மாடி கெடச்சா என் பாக்கியம்னு என் சம்சாரத்தாண்ட சொன்னாரு. அன்னியிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல சார். இம்மாம் பெரிய மனுசன் தரையில கெடக்கறாரு, எதுக்கும் லாயக்கில்லாத நான் ஒசரத்துல குந்திகினு கீறேன். இந்தப் பாவம் எனக்கு வாணாம். என் ஊட்டை அவருக்கு உட்டுக்குடுக்கறேன். அவுரு படம் காட்ற மெஷினும் அவுரோடவே ஒசரத்துல இருக்கட்டும். நானு அது இருந்த எடத்துல எப்டியோ தரையில கெடந்து காலத்தத் தள்ளிக்கறேன். ஜி.எம். ஐயா பெரிய மனசு பண்ணணும்."

முளைக்குச்சித் தொழிலாளர்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை அந்தக் காலனி கேட்டதில்லை. பக்தவத்சலமும் பாராட்டுதான் என்று நினைத்து முதலில் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் பார்த்தசாரதி மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஒரு தொழிலாளிக்கு இருக்கிற மனசு நிர்வாகத்துக்கு இருக்கக் கூடாதா?" என்று கேட்டார் அவர். "என் சக அதிகாரியின் நீண்ட நாள் தியாகத்தை இன்றோடு முடித்து வைக்க வேண்டும். அந்தப் பங்களா என்ற தாழ்வான இடத்தின் சுமையை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், நான் ஏற்கிறேன்."

ஜி.எம்.முக்குப் பசி. எட்டு மணிக்கு மேல் எந்த விஷயத்துக்கும் அவர் மறுப்புச் சொல்வதில்லை என்று பெயர். மேடையிலேயே கஜபதியைக் கூப்பிட்டு உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். பக்தவத்சலம் வாயைத் திறந்தபோது கழுத்தில் மாலை விழுந்தது. விழுந்த வேகத்தில் பூ வாய்க்குள் போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தசாரதியின் மாமியாருடைய தையல் மெஷின் பங்களா வராந்தாவுக்கு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை ஞானசௌந்தரியை நாற்காலியில் வைத்து நாலு பேர் கீழே இறக்கினார்கள். நாற்காலியை விட்டு எழுந்து, கம்பை ஊன்றி, வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அழுதாள். இக்னேஷியஸ் பக்கத்தில் போகாமல் வாசலிலேயே நின்றார்.

வனஜா அம்மாள் மூன்றாம் மாடியில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு டென்வருக்கே விமானம் ஏறிவிட்டார். பக்தவத்சலம் புரொஜெக்டரோடு தனியானார். தண்ணீர் தூக்க ஆள் வைத்தார், இரண்டாம் நாளே ஆள் நின்றுவிட்டான். பிறகு அவரே பிளாஸ்டிக் குடத்தோடு இறங்கினார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்குவார். கடந்து போகிற தொழிலாளர்கள், சுற்றறிக்கை இன்னும் ரத்தாகவில்லை என்பதால், அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

வகுப்பு நின்றுபோனது, படியேறிப் போய் மலை பார்க்க யாரும் தயாராக இல்லை. பங்களாவோடு குழுத் தலைவர் பதவியும் பார்த்தசாரதிக்குப் போயிற்று. அதிக மார்க் எடுத்தவர் என்ற தகுதியில் தொழிலாளர் பிரதிநிதியாக இக்னேஷியஸைக் குழுவில் போட்டார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கீழ் வீடு காலியானது. பக்தவத்சலம் மனுப் போட்டார். பார்த்தசாரதிக்கு எதிலும் தலையிட விருப்பமில்லை, பங்களா மாமரத்துக்கு உரம் போடுவதில் இருந்தார். இக்னேஷியஸ் என்ன சொல்கிறாரோ அதுதான் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலையே பக்தவத்சலம் குடத்தோடு வந்து படிக்கட்டடியில் இக்னேஷியஸை வழிமறித்தார். அவருக்குக் கால் வீங்கியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"உன்னிடம் சொல்வதற்கென்ன. கொலராடோவில் இருந்த மூன்று மாதமும் எனக்கு மூக்கில் ரத்தம். தலைசுற்றல். வயதானவர்கள் சமதரைக்குப் போய்விடுவது நல்லது என்று அந்த ஊர் டாக்டரே சொன்னான். மலையெல்லாம் காரில் உட்கார்ந்து பார்த்ததுதான். என் மகள்கூட அங்கே மேலே இல்லை. ஒருத்தன் வீட்டுக்கு அடியில், தரைக்கும் கீழே, வாடகைக்கு இருக்கிறாள். ஜன்னல் வழியாகப் போகிறவர் வருகிறவர் கால்தான் தெரியும். அதைப் படம் எடுக்காதே அப்பா என்று சொல்லிவிட்டாள்."

இக்னேஷியஸ் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அத்தனை மலை இருந்தது, அத்தனை ஏரி இருந்தது. வீடு என்று ஒரு படம்கூட இருந்ததில்லை. அவருக்கு மனசு என்னவோ போலாயிற்று. பழிவாங்குகிற மனுஷனுக்கு வரக் கூடாத ஒன்று வந்துவிட்டது. குடத்தை வாங்கி முதல் திருப்பம் வரை தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஞானசௌந்தரி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. இருந்தாலும் இக்னேஷியஸ் முதலிலிருந்து சொன்னார். கால் வீக்கத்தைச் சொன்னார், மகளைச் சொன்னார், பாவமாகத்தான் இருக்கிறது என்றார். காலியாயிருக்கிற வீட்டைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த கீரைக்கட்டை ஆய்ந்து முடித்தாள். காம்புகளைக் கூட்டி ஒதுக்கினாள். படிக்கட்டில் மேலே குடம் இறங்குகிற சத்தமும், ஏறுகிற சத்தமும், மறுபடி இறங்குகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

"அந்தப் படம் காட்ற மெஷின வேண்ணா எறக்கிடுய்யா," என்றாள். "அது இன்னா பாவம் பண்ணிச்சு?"